ழான் பவர் அம்மையார்

தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தையாபுரத்தை அடுத்த கடற்கரையில் விடியற்காலையில் நடந்து செல்வோர், அலை ஒதுக்கிய பாசிக்கும் சிப்பிக்கும் இடையே, படகு போன்ற வடிவுடைய வெள்ளை ஓடுகளைக் காண்பர். கையில் எடுத்தால் அவை பஞ்சு போல் கனமற்றிருக்கும். நகத்தால் கீறினால் மாவாக உதிரும். மருத்துவர் இதனைக் கடல்நுரை என்பர். கிளி வளர்ப்போர் இதனைக் கூண்டில் கட்டித் தொங்கவிடுவர். பெயர் நுரையாயினும் பொருள் நுரையன்று. ஓட்டுக்கணவாய் என்னும் உயிரின் முதுகுத் தோலுக்குள் இருந்த ஓடே இது. இவ்வோட்டினுள் எண்ணிறந்த நுண்ணிய அறைகள் உள்ளன. அவ்வறைகளில் உள்ள நீரையும் காற்றையும் கூட்டியும் குறைத்தும், கணவாய் தன் உடலைக் கடலில் விரும்பிய ஆழத்தில் மிதக்கச் செய்கிறது.

ஓட்டுக்கணவாய், ஊசிக்கணவாய், பேய்க்கணவாய் என்று இவ்வினத்தை நம் பரதவர் பிரித்து வழங்குவர். மூன்றும் மீன் அல்ல. நத்தைக்கும் சிப்பிக்கும் உறவான மெல்லுடலிகள். வலையில் அகப்பட்டுக் கரைக்கு வந்த கணவாய் வெளுத்து வதங்கிக் கிடக்கும். ஆனால் கடலடியில் உயிரோடு உலவும் கணவாயோ, கண்ணிமைக்கும் நேரத்தில் மணலின் நிறமும் பாறையின் நிறமும் கொள்ளும்; உடலில் வரிகள் ஓடும்; இரையைக் கண்டதும் இரண்டு நீண்ட கைகள் மின்னலெனப் பாய்ந்து மீளும். இக்காட்சியை முற்காலத்தில் யார் கண்டனர்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளிக்க இறங்கிய தூத்துக்குடிக் குளியாளி கண்டிருப்பார். ஆயினும் அவர்க்கு அங்குத் தங்கிப் பார்க்கும் பொழுது ஏது? அடக்கிய மூச்சு ஒரு நிமிடமோ, அதனினும் சற்று மிகுதியோதான். அதற்குள் சிப்பியை அள்ளிக் கூடையில் இட்டு மேலே வந்தாக வேண்டும். நூலறிவு மிக்க அறிஞர்களோ, சாராயக் குப்பியில் இட்டு வைத்த செத்த உடலையே கண்டனர். ஒருவர்க்கு உயிர் தெரிந்தது, காலம் இல்லை. மற்றவர்க்குக் காலம் இருந்தது, உயிர் இல்லை.

கடல்வாழ் உயிரை வீட்டிலேயே கண்ணாடித் தொட்டியில் வைத்து, உணவிட்டு வளர்த்து, நாள்தோறும் நோக்கி உண்மை காணலாம் என்று உலகிற்குக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டுப் பெண்மணி ஒருவர். அவர் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மிதித்தவரல்லர். இளமையில் ஊசியும் நூலுமே அவர் கைக்கருவிகள்.

ழான் வில்புரூ என்பது அவர் இயற்பெயர். பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் உள்ள சுயிலாக் என்னும் சிற்றூரில், 1794-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் எளிய குடும்பத்தில் பிறந்தார். எழுதப் படிக்கக் கற்றதற்கு மேல் கல்வி பெற வாய்ப்பில்லை. பதினெட்டாம் அகவையில் ஆடை தைக்கும் தொழிலைக் கற்கக் கருதித் தலைநகராகிய பாரிசுக்குப் புறப்பட்டார். இடைப்பட்ட தொலைவு நானூறு கிலோமீட்டருக்கும் மிகுதி. அதனை அவர் நடந்தே கடந்தார். வழியில் இடர்ப்பட்டுக் காலந்தாழ்த்துச் சென்றமையால், அவருக்கென வைத்திருந்த வேலை பிறர்க்குப் போய்விட்டது. அதனால் மனந்தளராது வேறொரு தையற்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். கைத்திறம் அவரை உயர்த்தியது. 1816-ஆம் ஆண்டில் பெர்ரி கோமகனுக்கும் நேப்பிள்சு இளவரசி கரோலினுக்கும் திருமணம் நடந்தபோது, மணமகளின் ஆடையை அணிசெய்த பெருமை இவருக்கு வாய்த்தது. அதனால் பெயர் பரவிற்று. சேம்சு பவர் என்னும் ஆங்கில வணிகர் இவரைக் கண்டு விரும்பினார். 1818-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. அன்று முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தீவே அவர்தம் இல்லமாயிற்று.

வணிகரின் மனைவியார்க்கு வறுமை இல்லை; ஓய்வும் உண்டு. அந்த ஓய்வை வேறு ஒருவர் விருந்திலும் அணிகலனிலும் செலவிட்டிருப்பார். ழான் பவர் அம்மையாரோ சிசிலித் தீவைக் காலால் அளக்கத் தொடங்கினார். மலையும் கரையும் சுற்றிச் செடிகொடிகளையும், பட்டாம்பூச்சிகளையும், கற்களையும், கிளிஞ்சல்களையும் தொகுத்தார். பெயர் அறியாதவற்றின் பெயரை நூல்களைத் தேடிக் கற்றார். தம் வீட்டிலேயே இரண்டு மரநாய்களைப் பழக்கி வளர்த்து அவற்றின் இயல்புகளைக் குறித்து வைத்தார். உயிரை அறிய வேண்டின் அதனோடு உடனிருக்க வேண்டும் என்னும் எண்ணம் இங்ஙனம் அவருள் வேரூன்றியது.

மெசினா நகரம் இத்தாலிக்கும் சிசிலிக்கும் இடையே உள்ள ஒடுங்கிய நீரிணையின் கரையில் அமைந்தது. அந்நீரிணையின் விரைந்த நீரோட்டங்கள் கடலாழத்து உயிர்களை மேலே கொணரும். அவ்வாறு வரும் உயிர்களுள் ஒன்று ஆர்கோநாட்டு. அது பேய்க்கணவாய்க்கு நெருங்கிய உறவு. எட்டுக் கைகள் உடையது. ஆயினும் பேய்க்கணவாய்க்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு. தாள் போல் மெல்லிய, வெண்மையான, வரிவரியாக மடிந்த அழகிய ஓட்டினுள் இது வாழ்கின்றது. இவ்வுயிர் இந்தியக் கடல்களிலும் உண்டு.

இவ்வோட்டைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளாக ஒரு வழக்கு இருந்து வந்தது. நத்தையின் உடல் அதன் ஓட்டோடு ஒட்டியிருக்கும், சங்கும் அவ்வாறே. ஆர்கோநாட்டின் உடலோ ஓட்டோடு எங்கும் ஒட்டவில்லை. வேண்டும்போது அது ஓட்டை விட்டு நழுவவும் கூடும். ஆகவே இவ்வோடு அதற்கே உரியதா, அன்றிப் பிற உயிர் ஒன்றின் வீட்டைக் கவர்ந்து குடியேறியதா என்னும் ஐயம் எழுந்தது. கடற்கரையில் துறவி நண்டைக் கண்டவர்க்கு இவ்வையம் விளங்கும். அந்நண்டு இறந்த சங்கின் கூட்டினுள் புகுந்து, அதனையே தன் வீடாகச் சுமந்து திரியும். ஆர்கோநாட்டும் அத்தகைய குடிபுகுந்த கள்வனே என்று அறிஞர் பலர் முடிவு கட்டினர். பாரிசு நகரின் பெரும்புலவராகிய பிளேன்வில் இக்கொள்கையின் தலைவர். கிரேக்கப் பேரறிஞர் அரிசுடாட்டில் இதன் இரு கைகளில் விரிந்துள்ள மெல்லிய தோலைப் பாய்மரம் என எண்ணி, இவ்வுயிர் காற்றில் பாய் விரித்துக் கடலில் ஓடுவதாக எழுதி வைத்தார். பாட்டிலும் படத்திலும் அக்கதை நிலைபெற்றது. எதிர்த்துரைத்தவரும் இருந்தனர். ஆனால் இரு பக்கத்தாரிடமும் இருந்தவை செத்த உடல்களும் வெற்று ஓடுகளுமே. செத்த உடல் எப்படிச் சான்று சொல்லும்?

அம்மையார் இவ்வழக்கைக் கேள்வியுற்றார். உயிருள்ள ஆர்கோநாட்டையே சான்றாக நிறுத்துவதென்று துணிந்தார். துணிவது எளிது, செய்வது எளிதன்று. கடல்நீரைக் குடத்தில் மொண்டு வந்து அதில் கணவாயை விட்டால், சில நாழிகையில் அது மூச்சுத் திணறி மாயும். நீரில் கரைந்த காற்றை உயிர் உட்கொள்ள உட்கொள்ள, நிலைநீரில் காற்றுக் குறைந்துகொண்டே போகும். இட்ட உணவில் எஞ்சியது அழுகும். உயிரின் கழிவும் நீரை நஞ்சாக்கும். வெயில் ஏறினால் சிறு கலத்து நீர் விரைவில் சூடேறும். கடலுக்குள் இக்குறைகள் இல்லை. ஏனெனில் கடல் ஓயாது தன்னைத் தானே கழுவிக் கொள்கிறது. எனவே ஒன்று செய்ய வேண்டும்: கடலை வீட்டிற்குக் கொணர வேண்டும், அன்றேல் வீட்டைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மையார் இரண்டையும் செய்தார்.

1832-ஆம் ஆண்டு முதல் அவர் மூவகைத் தொட்டிகளை அமைத்தார். முதலாவது, வீட்டினுள் வைப்பதற்குரிய கண்ணாடித் தொட்டி. அதில் கடல்நீரை நிரப்பி, உள்ளிருக்கும் உயிரை நான்கு புறமும் நோக்கலாம். இரண்டாவது, கண்ணாடித் தொட்டியைக் கூண்டினுள் பொருத்திய அமைப்பு. அதனை ஆழம் குறைந்த கடலில் இறக்கி, வேண்டும்போது மேலே தூக்கிப் பார்க்கலாம். மூன்றாவது, கடலிலேயே நங்கூரமிட்டு நிறுத்திய பெரிய கூண்டு. அதன் சட்டங்களின் இடைவெளி வழியே கடல்நீர் தடையின்றிப் போய்வரும். உள்ளே விட்ட உயிர் வெளியேறாது. சிசிலியின் கட்டானியா நகரத்துச் சோயேனியக் கழகம் இவற்றுக்குப் பவர் கூண்டுகள் என்றே பெயர் சூட்டியது. இன்று உலகெங்கும் வரவேற்பறைகளில் வண்ணமீன் துள்ளும் கண்ணாடித் தொட்டிகளுக்கெல்லாம் அம்முதல் தொட்டியே முன்னோடி.

கூண்டு அமைத்தால் போதுமா? உள்ளே இருப்பதற்கு உணவிட வேண்டுமே. இவ்வினத்து உயிர்களை ஊட்டி வளர்ப்பது எத்துணைப் பொறுமைக்குரியது என்பதை ஓட்டுக்கணவாயைக் கொண்டு எளிதில் உணரலாம். முட்டையினின்று வெளிவந்த கணவாய்க் குஞ்சு, செத்த இரையை ஏறெடுத்தும் பாராது. அசைவதே இரை என்பது அதன் எண்ணம். ஆகவே மிகச் சிறிய இறாலினங்களை உயிரோடு பிடித்து வந்து நாள்தோறும் பலமுறை விட வேண்டும். சற்று வளர்ந்த பின்னரே இறந்த மீன்துண்டையும் இறாலையும் ஏற்கப் பழக்கலாம். அப்போதும், தின்றது போக எஞ்சியதை உடனே எடுத்துவிட வேண்டும். பசித்த கணவாய் உடன்பிறந்ததையே கடிக்கும். திடுக்கிட்டால் மையைக் கக்கும். பரந்த கடலில் அதனைக் காக்கும் அந்த மை, சிறிய தொட்டியில் நீரைக் கெடுத்து அதற்கே தீங்காகும். இவ்வளவும் செய்து காத்தாலும் அதன் வாழ்நாள் ஓராண்டு அல்லது ஈராண்டே. 1990-களில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தார், கணவாய் முட்டைகளைத் தொட்டியில் பொரிக்கச் செய்து குஞ்சுகளை வளர்த்துக் காட்டினர். அவர்களுக்குக் காற்றேற்றும் பொறிகளும் நீர் வடிக்கும் கருவிகளும் துணையிருந்தன. அம்மையார்க்கு வாய்த்த துணையோ மெசினாவின் வலைஞர்களும் இரு கைகளுமே. அவ்வலைஞர்கள் உயிருள்ள ஆர்கோநாட்டுகளைக் கொணர்ந்து தந்தனர். அவர் அவற்றைக் கூண்டில் விட்டு, உணவிட்டு, ஆண்டுக்கணக்கில் நோக்கி வந்தார்.

நோக்கியதெல்லாம் வழக்கைத் தீர்க்கும் சான்றாயிற்று. தாயின் ஓட்டினுள் முட்டைகள் கொத்துக்கொத்தாக இருந்தன. அவற்றினின்று குஞ்சுகள் வெளிப்பட்டபோது அவற்றுக்கு ஓடு இல்லை. வளரத் தொடங்கிய பின்னரே ஓடு தோன்றியது. கள்வனாயின் பிற உயிரின் ஓட்டைத் தேடி அலைந்திருக்க வேண்டுமன்றோ? கூண்டினுள் வேறு ஓடு எதுவும் இல்லை. உடல் வளர வளர ஓடும் உடன் வளர்ந்தது. பின்னர் அம்மையார் ஒரு சோதனை செய்தார். உயிருக்கு ஊறு நேராவண்ணம் ஓட்டின் ஒரு பகுதியை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். ஆர்கோநாட்டு, தோல் விரிந்த தன் இரு கைகளையும் ஓட்டின்மேல் போர்த்தது. அக்கைகளினின்று ஊறிய பொருள் இறுகி, உடைந்த இடம் மெல்ல மூடிக்கொண்டது! அரிசுடாட்டில் காலந்தொட்டுப் பாய்மரம் என்று போற்றப்பட்ட உறுப்புப் பாய்மரமன்று. அது வீடு கட்டும் கொத்தனின் கரண்டி. ஆர்கோநாட்டு கள்வனும் அன்று. தன் வீட்டைத் தானே கட்டி, உடைந்தால் தானே பழுதுபார்க்கும் தொழிலாளி. அவ்வோடும் தாய் தன் முட்டைகளை வைத்துக் காக்கும் தொட்டிலே; ஆதலின் பெண்ணுக்கு மட்டுமே அது உண்டு. ஆணோ ஓடின்றி, அளவில் மிகச் சிறியதாய் வாழ்வது.

1834-இல் இவ்வாராய்ச்சி கட்டானியாக் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. ஆடவரே நிறைந்திருந்த அக்கழகம், அம்மையாரை உறுப்பினராக ஏற்றுச் சிறப்பித்தது. பாரிசு அறிஞர் சிலர் எளிதில் இணங்கவில்லை. பிளேன்வில் தம் கொள்கையை விடாது பற்றினார். ஆடை தைத்தவர், அதிலும் ஒரு பெண், சிசிலியின் ஒரு மூலையில் இருந்துகொண்டு பெரும்புலவர்களின் முடிவை மறுப்பதா என்னும் எண்ணம் சிலர்க்கு இருந்திருப்பின் அதில் வியப்பில்லை. அக்காலத்தின் இயல்பு அது. அம்மையார் சொல்லால் வாதிடவில்லை. மீண்டும் மீண்டும் சோதனை செய்து, ஓடுகளையும் உயிர்களையும் வெவ்வேறு வளர்ச்சி நிலைகளில் அறிஞர்க்கு அனுப்பினார். 1839-இல் இலண்டன் விலங்கியல் கழகத்தில், அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்த ரிச்சர்டு ஓவன் என்பார் அச்சான்றுகளை எடுத்துவைத்து அம்மையார் கருத்தை நிலைநாட்டினார். அதே ஆண்டில் அம்மையாரின் ஆராய்ச்சிகள் நூலாகவும் வெளிவந்தன. ஐரோப்பாவின் கழகங்கள் பல அவரை உறுப்பினராக்கின.

கண்ணாடித் தொட்டி வேறு சில உண்மைகளையும் காட்டியது. பேய்க்கணவாய் ஒன்று, பெரிய சிப்பி வாய் திறக்கும் நேரம் பார்த்து, அது மூடாவண்ணம் ஒரு கல்லை இடையே செருகி உள்ளிருக்கும் சதையைத் தின்றதை அவர் கண்டெழுதினார். முதுகெலும்பு இல்லாத ஓர் உயிர் கருவியைக் கையாள்வதா என்று அந்நாளில் நம்ப மறுத்திருப்பர். அம்மையாரின் நோக்கு உயிர்களின் இயல்பை அறிவதோடு நிற்கவில்லை. மீன் அருகிப்போன ஆறுகளில், கூண்டில் ஊட்டி வளர்த்த மீன்குஞ்சுகளை விட்டு மீண்டும் மீன்வளம் பெருக்கலாம் என்றும் அவர் எடுத்துரைத்தார். நீரில் கூண்டிட்டு உயிர் வளர்க்கும் அம்முறை இன்று பல நாடுகளில் பெருந்தொழில். நம் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், கடலில் மிதவை கட்டி முத்துச்சிப்பிகளைக் கூடைகளில் தொங்கவிட்டு, 1973-இல் முதன்முறையாக வளர்ப்பு முத்து விளைவித்ததும் இம்முறையைச் சார்ந்ததே. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1961-இல், தூத்துக்குடியின் இறுதி முத்துக்குளிப்பு நடந்து முடிந்திருந்தது.

1842-இல் அம்மையார் சிசிலித் தீவிற்கு வழிகாட்டி நூல் ஒன்றை எழுதினார். 1908-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மெசினா நகரம் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. அதற்கு முன் அந்நகரம் எவ்வாறு இருந்தது என்பதை அறிய விரும்புவார்க்கு அந்நூல் உதவுகிறது.

ஏறத்தாழ அக்காலத்தில் கணவனும் மனைவியும் சிசிலியை விட்டு நீங்கினர். அம்மையார் பல்லாண்டு அரிதின் தேடிய தொகுப்புகளும், குறிப்பேடுகளும், கையால் வரைந்த படங்களும் பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. அக்கப்பல் கடலில் மூழ்கியது. எந்தக் கடலின் மறைபொருளை அவர் வெளிக்கொணர்ந்தாரோ, அந்தக் கடலே அவர் உழைப்பின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. பவர் கூண்டுகளில் உயிர்கள் எவ்வாறு வளர்ந்தன என்று நாள்தோறும் எழுதிய ஏடுகள் எத்தனை அதில் இருந்தனவோ! அதன்பின் அம்மையார் நூல்கள் எழுதினாராயினும், புதிய ஆராய்ச்சி எதனையும் மேற்கொள்ளவில்லை. இலண்டனிலும் பாரிசிலும் மாறிமாறி வாழ்ந்தார்.

இழப்பு அதனோடு முடியவில்லை. 1850-களில் இங்கிலாந்தில் கண்ணாடித் தொட்டி பெருநாகரிகமாயிற்று. 1853-இல் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்து கண்டனர். அதனை அமைப்பதில் பங்குகொண்ட காசு என்னும் இயற்கை நூலாரும், நீர்ச்செடியின் உதவியால் தொட்டி நீரைத் தூய்மையாக வைக்கும் வழி கண்ட வாரிங்டன் என்பாரும் இப்புதுமையின் தந்தையராகப் போற்றப்பட்டனர். அவர்தம் பணி பெரிதே; அதனை யாரும் குறைத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அவர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே மெசினாவில் ஒரு வீட்டினுள் கடல் உயிர்கள் கண்ணாடிக்குள் உலவிக் கொண்டிருந்தன. அம்மையார் தம் உரிமையை அச்சில் எடுத்துரைத்தார். ஓவன் மீண்டும் துணைநின்றார். 1858-இல் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்திலேயே அவர் பெயர் முதற்கண் பொறிக்கப்பட்டது.

1870-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பிரசியப் படைகள் பாரிசு நகரை முற்றுகையிட்டன. எழுபத்தாறு அகவை நிரம்பிய அம்மையார் நகரை விட்டு நீங்கித் தாம் பிறந்த சுயிலாக்கிற்கே வந்து சேர்ந்தார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் கால்நடையாய்ப் புறப்பட்ட ஊர் அது. 1871-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அங்கேயே உயிர் நீத்தார். அதன்பின் நூறாண்டுக்கு மேல் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. வெள்ளிக் கோளில் உள்ள பெரிய வட்டப் பள்ளங்களுக்குப் புகழ்பெற்ற பெண்டிர் பெயர்களை இடுவது வானநூலார் வழக்கம். 1997-இல் அவற்றுள் ஒன்றுக்கு வில்புரூ பவர் என்று பெயரிட்டனர்.